ஏழாம் பக்கத்து இடது கால் ஷூ

ஆங்கில இலக்கியத்தில் பட்டம் வாங்குவது எப்படி என்று பலர் என்னிடம் கேட்கிறார்கள். முதல் வகுப்பில் தேறியவன் என்பதால் சொல்லும் தகுதி எனக்கு உண்டு. இலக்கியம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஏழாம் பக்கம் தெரிந்திருந்தால் போதும்.

வளைகுடா நாட்டில், கராமா என்ற பேட்டையில், ஒரு மெஸ்ஸுக்கு மேல்மாடியில் இருந்தது எங்கள் கல்வி மையம். ஊரில் இருக்கும் ஒரு பல்கலைக்கழகத்தின் அயல்நாட்டுக் கிளை. வெள்ளிக்கிழமைதோறும் சாம்பார் வாசனையோடு வகுப்பு நடக்கும். ஆண்டுத் தேர்வுக்கு எழுபது மார்க், அகமதிப்பீட்டுக் கட்டுரைக்கு முப்பது. அந்த முப்பதில் பன்னிரண்டு வாங்காதவன், தேர்வில் எழுபதுக்கு எழுபதே வாங்கினாலும் அடுத்த ஆண்டுக்குப் போக முடியாது. இது விதி. யார் போட்ட விதி என்று கேட்கக்கூடாது என்பது இன்னொரு விதி.

2004இல் என்னோடு இரண்டாம் ஆண்டு படித்தவர் சோலைமுத்து. சிவகங்கைப் பக்கத்துக்காரர், கட்டடக் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். தொழிலாளர் கேம்ப்பில் ஒரே ரூமில் எட்டுப் பேரோடு இருந்துகொண்டு, மனுஷன் நிஜமாகவே பாடப் புத்தகங்களைப் படித்தார். பாவம்! டிகிரி கிடைத்தால் கம்பெனி அவரை ஆபீஸ் வேலைக்கு மாற்றும். விசாவில் வேலையின் பெயர் மாறும். மாறினால் ஊரிலிருந்து மனைவி பானுமதியை அழைத்துக்கொள்ளலாம். கல்யாணமாகி ஐந்து வருஷம். லீவு நாட்களையெல்லாம் கூட்டினாலும் அவர்கள் சேர்ந்திருந்தது நாலு மாசம்தான்.

தேர்வில் அவருக்கு அறுபத்தொன்று, எனக்கு முப்பத்திரண்டு. அகமதிப்பீட்டில் எனக்கு இருபத்தாறு, அவருக்கு ஏழு.

துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு ஒருங்கிணைப்பாளர் டாக்டர் விஜயபாஸ்கரிடம் போனார்.

"கட்டுரையில என்ன தப்புன்னு சொன்னா திருத்திக்குவேன் சார்."

"தப்பே இல்லை மிஸ்டர் சோலைமுத்து. ரொம்ப நல்லா இருந்தது. அதுவே எங்களுக்குச் சந்தேகம். மாதிரிக் கட்டுரையோட உங்க தலைப்பும் மார்ஜினும்தான் ஒத்துப்போச்சு, அதுக்கு ஏழு போட்டோம். ஏழாம் பக்கத்துக்கு மட்டும் பத்து மார்க். அது எங்கே?"

இந்த இடத்தில் எங்கள் மையத்து வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். முதல் செட்டில் படித்த கலீல் ரஹ்மான் என்பவர் 'இயற்கைக் கவிதையில் மனிதனின் இடம்' என்று ஒரு கட்டுரை எழுதி முதலிடம் வாங்கினார். அதன் ஜெராக்ஸ் கீழே மெஸ் கல்லாவில் கிடைக்கும். எல்லாரும் அதை வாங்கித் தங்கள் கையெழுத்தில் காப்பி எடுப்போம். முதல் வகுப்பில் தேறிய பழைய மாணவர்கள்தான் திருத்துவார்கள். மாதிரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரிவரியாக ஒத்துப் பார்ப்பார்கள். இந்தச் சோலைமுத்து ஒருவர்தான் கல்லாப் பக்கம் போகாமல் சொந்தமாக எழுதித் தொலைத்தவர்.

டாக்டர் அந்த மாதிரியின் ஏழாம் பக்கத்தை எடுத்து நீட்டினார். "ஹெல்மெட் 17. வீல்பாரோ 6, ஒன்றுக்குச் சக்கரம் இல்லை. சேஃப்டி ஷூ, இடது கால் மட்டும், 3." கீழே ஒரு கையெழுத்து.

சோலைமுத்து அதை வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தார்.

"சார், இது எங்க சைட் ஸ்டோர் லிஸ்ட்டு! நான்தான் எழுதினேன், கையெழுத்துகூட என்னுதுதான். கலீல் பாய் எங்க ஆபீஸ் மெஷின்லதான் ஜெராக்ஸ் எடுத்தாரு. அப்பக் கலந்திருக்கும்."

"மூணு வருஷமா நூத்தி நாப்பது பேர் இதை எழுதி பாஸ் பண்ணியிருக்காங்க. தப்பா இருந்தா எப்படி பாஸாவாங்க?"

நூற்று நாற்பதில் நானும் ஒருவன். ஆமாம் என்று தலையாட்டினேன்.

விஷயம் கல்விக் குழுவுக்குப் போயிற்று. மூன்று உறுப்பினர்கள் கூடி, இரண்டு தடவை டீ குடித்து, கீழ்க்கண்டவாறு தீர்மானித்தார்கள்: "மேற்படி ஏழாம் பக்கமானது நெடுங்காலப் பயன்பாட்டினால் இலக்கியத் தகுதி எய்திவிட்டபடியால், வரும் கல்வியாண்டு முதல் பாடத்திட்டத்தில் சேர்க்கப்படுகிறது. ஆனால் பாடத்திட்டத்திலுள்ள நூலாசிரியர்கள் அனைவரும் காலமானவர்கள். உயிரோடிருக்கும் ஒருவர், அதிலும் இரண்டாம் ஆண்டில் தேறாதவர், ஆசிரியராக விளங்குவதற்கு முன்மாதிரி இல்லை."

"இப்ப நான் என்ன சார் பண்ணணும்?" என்றார் சோலைமுத்து.

"ரெண்டு வழி இருக்கு. இதை நான் எழுதலைன்னு எழுதிக் குடுக்கலாம். குடுத்தா உங்க மார்க்கைப் பரிசீலிப்போம்."

"இன்னொண்ணு?"

"அதை நாங்க சிபாரிசு பண்றதில்லை."

பானுமதியை நினைத்துக்கொண்டு எழுதிக் கொடுத்தார். டாக்டர் அதிலிருந்த கையெழுத்தையும் ஏழாம் பக்கத்துக் கையெழுத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அச்சு அசலாக ஒத்துப்போயின. "சரியா இருக்கு" என்று சீல் குத்தினார். அந்தக் காகிதம் பரிசீலனையிலேயே ஒரு வருஷம் கிடந்தது. அதுவரை சோலைமுத்து இரண்டாம் ஆண்டிலேயே கிடந்தார்; பிறகும் கட்டுரையை மறுபடி எழுதச் சொன்னார்கள்.

நான் மூன்றாம் ஆண்டுக்குப் போனேன். இறுதித் தேர்வில் புதுப் பாடத்திலிருந்து கேள்வி: 'இடது கால் ஷூக்கள் எதைக் குறிக்கின்றன?' ஆறு பக்கம் விளாசித் தள்ளினேன். வலது காலைப் பிரிந்த இடது கால், கடல் கடந்து மனைவியைப் பிரிந்து வாழும் ஆண்மகனின் கதறல் என்றெல்லாம் எழுதினேன். அற்புதம் என்று சிவப்பு மையில் குறிப்பு வந்தது. முதல் வகுப்பும் வந்தது. விசாவில் என் வேலையின் பெயர் மாறியது. 2006 ஜனவரியில் என் மனைவி ஸ்வாதி கராமாவுக்கு வந்து சேர்ந்தாள்.

வழக்கப்படி என்னையும் மதிப்பீட்டாளர் ஆக்கினார்கள். ஒரு வெள்ளிக்கிழமை காலை வீட்டில் இரண்டாம் ஆண்டு அகமதிப்பீட்டுக் கட்டுரைக் கட்டைப் பிரித்தேன். அதே ஷூக் கேள்விதான். மாதிரி விடை நான் எழுதிய ஆறு பக்கம். கட்டில் முதலாவதாக இருந்தது சோலைமுத்துவின் தாள். நாலே வரி.

"வலது கால் ஷூக்கள் ஷார்ஜா ஸ்டோரில் இருந்தன. வியாழக்கிழமை நானே போய்த் தேடி எடுத்து வந்தேன். ஜோடி சேர்த்து மூன்று பேருக்குக் கொடுத்தேன். எதையும் குறிக்கவில்லை."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பன்னிரண்டு போட்டுவிட்டால் மனுஷன் மூன்றாம் ஆண்டுக்குப் போய்விடுவார். பேனாவை எடுத்தேன். மாதிரியைப் பார்த்தேன். ஒரு வரிகூட ஒத்துப்போகவில்லை. நான் பன்னிரண்டு போட்டு, மேலே யாராவது ஒத்துப் பார்த்து, என் முதல் வகுப்பையே கிளற ஆரம்பித்தால்?

"என்னங்க, இட்லி ஆறுது, வாங்க!" என்று உள்ளே இருந்து கூப்பிட்டாள் ஸ்வாதி.

"இதோ வந்துட்டேன்மா" என்று ஏழு மார்க் போட்டேன். குறிப்புக் கட்டத்தைக் காலியாக விடக்கூடாது என்பது விதி. அதனால் எழுதினேன்: "பிரிவின் வேதனை இந்த மாணவருக்கு இன்னும் புரியவில்லை."