ஆங்கிலப் படத்தில் எங்கள் முதுகு

ஆங்கிலப் படங்களில் முதுகை மட்டுமே காட்டி நடித்துப் பேர் வாங்கிய தமிழர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் வளைகுடாவில், ராஸ் அல் கைமாவில், எனக்கு மேல்கட்டிலில் படுத்திருந்தார். நம்பாதவர்கள் இப்போதே சமையல் குறிப்புப் பக்கத்துக்குப் போய்விடலாம், எனக்கு வருத்தமில்லை.

சொந்தப் பெயர் அவருடைய பாஸ்போர்ட்டில் இருந்தது. பாஸ்போர்ட் கம்பெனி பீரோவில் இருந்தது. அதனால் தொழிலாளர்கள் தங்கும் கேம்ப்பில் அவருக்கு முதுகு என்றே பெயர் நிலைத்துவிட்டது. அறந்தாங்கிப் பக்கத்துக்காரர். இரண்டாயிரங்களின் நடுவில் நாங்கள் இருந்தது ஒரு டைல்ஸ் ஃபேக்டரி. அவர் சூளைப் பகுதியில், நான் ஸ்டோரில்.

அவரைப் போல் பயந்த மனிதரை நான் பார்த்ததில்லை. என் பயத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஃபேக்டரி சங்கு ஊதினால் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார், அது தினமும் ஊதுகிற சங்குதான். ஊரிலிருந்து போன் வந்தால் முதலில் தரையில் உட்கார்ந்துகொள்வார், பிறகுதான் எடுப்பார். "எதுக்குய்யா உக்கார்றே?" என்று கேட்டால், "கெட்ட சேதியா இருந்தா எப்படியும் உக்காரணும்ல, அதான் முன்னாடியே" என்பார். பயம் வந்தால் அவருக்குக் கை நடுங்காது, கால் நடுங்காது. தோள்பட்டையில் ஆரம்பித்து முதுகு முழுக்க ஒரு நடுக்கம் இறங்கும். சூளையில் சூப்பர்வைசர் அதைப் பார்த்தாலே திட்டுவார். "ஜல்தி கரோ, டிஸ்கோ மத் கரோ." சீக்கிரம் செய், டிஸ்கோ ஆடாதே என்று அர்த்தம்.

அந்தக் காலத்தில்தான் பக்கத்து மலையடிவாரத்தில் ஆங்கிலப் படம் எடுக்க ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். எந்தப் படமானாலும் பாலைவனத்தில் ஒரு சந்தை இருக்கும், சந்தையில் குண்டு வெடிக்கும், ஜனங்கள் ஓடுவார்கள். ஓடுவதற்கு ஜனங்கள் வேண்டுமே. கரீம் பாய் என்ற பாகிஸ்தானி வெள்ளிக்கிழமை காலையில் கேம்ப் வாசலில் பிக்கப்பை நிறுத்துவார். "ஓட வர்றவங்க ஏறுங்க பாய், பிரியாணி உண்டு."

இதில் ஒரே ஒரு சிக்கல். வளைகுடாவில் உங்கள் விசா ஒரு கபீல் கையில் இருக்கும். அவரிடம் மட்டும்தான் வேலை செய்யலாம். வெள்ளிக்கிழமையானாலும் சரி, ஓடுகிற வேலையானாலும் சரி, வேறொருவருக்குச் செய்தால் விசா கேன்சல். பெட்டியைக் கட்டிக்கொண்டு விமான நிலையம் போக வேண்டியதுதான். எங்கள் கபீல் ஒருநாளும் கத்த மாட்டார். மெல்லிய குரலில் பேசுவார். அந்தக் குரல் இன்னும் கொஞ்சம் மெல்லியதானால் யாரோ ஊருக்குப் போகிறார்கள் என்று அர்த்தம். அதனால் பிரியாணிக்காக எல்லோரும் ஒருமுறை போனோம், அதோடு வாயை மூடிக்கொண்டோம். நானும் போனேன். ஓர் ஒட்டகத்தின் பக்கத்தில் நின்றேன். என்னைவிட ஒட்டகம் நன்றாக நடித்தது.

முதுகு மட்டும் ஒவ்வொரு வாரமும் போனார்.

முதல் நாளே ஒரு கூத்து. காமிராவைப் பார்த்து ஓடி வரச் சொன்னார்கள். படம் வெளியாகி கபீல் பார்த்துவிட்டால் என்ன ஆகும் என்று இவருக்கு அப்போதுதான் உறைத்திருக்கிறது. சட்டென்று காமிராவுக்கு முதுகைக் காட்டித் திரும்பிவிட்டார். கபீலின் முகம் மனதில் வந்ததும் முதுகு தானாக நடுங்கத் தொடங்கியது. வெள்ளைக்கார டைரக்டர் ஓட்டத்தை நிறுத்திவிட்டு அந்த முதுகையே பார்த்தாராம். மற்றவர்களை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு இவரை மட்டும் மறுபடி எடுத்தாராம். கரீம் பாய் எங்களிடம் வந்து சொன்னார். "அந்தத் துரை சொல்றான் பாய், இவ்வளவு பயத்தை நான் மூஞ்சிலகூட பார்த்ததில்லையாம்."

அதன் பிறகு அவருக்கு ஏறுமுகம், அதாவது ஏறுமுதுகு. சிறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் கைதி. பிணத்தின் மேல் குனிந்து அழுபவர். சில சமயம் அந்தப் பிணமே அவர்தான், குப்புற. ரூமில் ஒத்திகை வேறு நடக்கும். சுவரில் மாட்டிய கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நிற்பார். கையில் ஷேவிங் கண்ணாடியை வைத்துக்கொண்டு சலூனில் பிடரி பார்ப்பதுபோல் தன் முதுகைப் பார்ப்பார். "அண்ணே, இது சோகம். இது பயம். வித்தியாசம் தெரியுதா?" எனக்கு இரண்டும் கசங்கிய பனியனாகத்தான் தெரிந்தன.

திருநெல்வேலிக்காரரான பேக்கிங் மணிக்கு இதெல்லாம் பெரிய கேலி. ஆள் ஒல்லி, குரல் லவுட்ஸ்பீக்கர். "என்னவே முதுகு, அடுத்த படத்துல கதாநாயகிகூட டூயட்டாமே, அவளும் சுவரப் பாத்துதான் நிக்கணுமோ?" என்பார். முதுகு சிரிப்பார். நானும் சேர்ந்து ஓட்டியவன்தான். ஆனால் ஒரு கேள்வி என்னை அரித்துக்கொண்டே இருந்தது.

"யோவ், இத்தனை பயத்தை வச்சுக்கிட்டு எதுக்குய்யா போறே? கபீலுக்குத் தெரிஞ்சா என்ன ஆவும்? ஊர்ல வீடு வேற பாதியில நிக்குது."

வீடு விஷயம் கேம்ப்புக்கே தெரியும். சுவர் எழுப்பியாகிவிட்டது, மேலே கான்கிரீட் போடவில்லை. மனைவியும் இரண்டு பெண்பிள்ளைகளும் தார்ப்பாய்க்குக் கீழே இருந்தார்கள். மழைக்காலம் வந்தால் இங்கே இவர் தூங்க மாட்டார்.

அவர் சொன்னார். "இங்க பயந்தா திட்டுறாங்க. அங்க பயந்தா கை தட்டுறாங்கண்ணே."



ஒருநாள் அந்தப் படங்களில் ஒன்று ராஸ் அல் கைமா தியேட்டருக்கே வந்துவிட்டது. தன் முகம் திரையில் வரவேண்டும் என்று வேண்டிக்கொள்ளாத நடிகன் உண்டா? எங்கள் ஆள் வரக்கூடாது என்று ஊரில் பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்துகொண்டார். வியாழக்கிழமை மாலை ரூமே கிளம்பிப் போய் வரிசையாக உட்கார்ந்தோம். அவர் துண்டால் தலையை மூடிக்கொண்டு, "வந்துட்டேனா, வந்துட்டேனா" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

வந்தார். சந்தையில் குண்டு வெடித்தது, தண்ணீர்த் தொட்டி ஒன்று உடைந்தது, வெள்ளை அங்கி போட்ட ஓர் உருவம் சொட்டச் சொட்ட நனைந்து மண்டியிட்டது. நமக்கு முதுகு. அந்த நடுக்கத்தைப் பார்த்ததும் மணியே கேலியை மறந்து வாயைப் பொத்திக்கொண்டார். சும்மா சொல்லக்கூடாது, மனுஷன் பிரமாதப்படுத்திவிட்டார்.

அப்புறம்தான் நான் அதைக் கவனித்தேன். நனைந்த வெள்ளைத் துணி முதுகோடு ஒட்டிக்கொண்டதில், உள்ளே போட்டிருந்த நீலச் சட்டை தெரிந்தது. அன்று இரவு டியூட்டி முடிந்து காலையில் அப்படியே பிக்கப்பில் ஏறியிருக்கிறார், கம்பெனி யூனிபார்ம் மேலேயே அங்கியை மாட்டியிருக்கிறார். எங்கள் யூனிபார்மில் முதுகுப் பக்கம்தான் கம்பெனி பெயர் அச்சடித்திருக்கும். ஆங்கிலத்தில் ஒரு வரி, அரபியில் ஒரு வரி. தியேட்டர் அகலத்துக்கு இரண்டும் பளிச்சென்று நின்றன. முகத்தை மறைக்க முதுகைக் காட்டினார், முதுகில் கபீலின் முகவரியே இருந்தது.

"வந்துட்டேனாண்ணே?" என்றார் துண்டுக்குள்ளிருந்து.

"நீ வரலைய்யா. கம்பெனிதான் வந்துருச்சு" என்றேன். என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் கபீல் வீட்டு டிரைவர் ஹனீபா வந்து சொன்ன செய்தியில் மிச்ச உயிரும் போனது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கபீல் அதே படத்துக்குப் போயிருந்தார். பாதிப் படத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தவர், வீடு திரும்பும் வரை வாயே திறக்கவில்லையாம். அன்று முதுகு பெட்டியைக் கட்டினார். தன் போர்வையை எனக்கும், ஊறுகாய்ப் பாட்டிலை மணிக்கும் கொடுத்தார். யாரும் சாப்பிடவில்லை. அந்த ஊறுகாயைத் தொட எனக்கும் மணிக்கும் மனசு வரவில்லை.

சனிக்கிழமை காலை எல்லோரையும் யூனிபார்மோடு முற்றத்தில் நிற்கச் சொன்னார்கள். கபீல் வந்தார். அவருக்கு நான்தான் மொழிபெயர்ப்பு, ஸ்டோர்காரனுக்குக் கொஞ்சம் அரபி, நிறைய ஹிந்தி என்ற தகுதியில். அவர் குரல் காற்றைவிட மெல்லியதாக இருந்தது. "எல்லாரும் சுவரைப் பாத்துத் திரும்புங்க" என்று நான் தமிழில் சொன்னேன். சொல்லும்போது எனக்குப் பல் தந்தியடித்தது. ஒட்டகத்தின் பக்கத்தில் நின்றவன் ஆயிற்றே.

கபீல் வரிசைக்குப் பின்னால் நடந்தார், நான் அவருக்குப் பின்னால். அப்படி ஒரு காட்சியை எந்த டைரக்டரும் எடுத்ததில்லை. கேம்ப்பே பிரியாணி தின்ற கேம்ப். அத்தனை முதுகும் நடுங்கிக்கொண்டிருந்தது. நீலச் சட்டைகளில் கம்பெனி பெயர் வரிசை முழுக்க ஆடியது.

ஒரே ஒரு முதுகு ஆடவில்லை.

எங்கள் முதுகு, நட்டு வைத்த கம்பம் மாதிரி நின்றார். தோள் அசையவில்லை. மூச்சு விடுகிறாரா என்றே எனக்குச் சந்தேகம் வந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக அவர் பயப்படாதவனாக நடித்துக்கொண்டிருந்தார். கபீல் ஒரு நொடி நின்று பார்த்துவிட்டுத் தாண்டிப் போனார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அது வந்து சேர்வதற்குள் கபீல் மணியின் பின்னால் நின்றுவிட்டார். படத்தில் தெரிந்த அதே ஒல்லி உடம்பு, அதே உயரம், முதுகு முருங்கைக் கிளையாக ஆடுகிறது. கபீல் அவர் தோளில் கை வைத்து, "ஹாதா" என்றார். இவன்தான் என்று அர்த்தம். லவுட்ஸ்பீக்கர் குரலுக்குச் சொந்தக்காரரிடமிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் மட்டும் கொட்டியது.

அப்போது எங்கள் முதுகு திரும்பினார்.

யாரும் திரும்பச் சொல்லவில்லை. திரும்பி, கபீலின் முகத்துக்கு நேராகத் தன் முகத்தைக் காட்டிச் சொன்னார். "சாப், வோ ஆத்மி மேங். அது நான்தான்னு சொல்லுங்கண்ணே. மணிக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல."

தார்ப்பாயும் இரண்டு பெண்பிள்ளைகளும் கண் முன்னால் வந்தன. "வாயை மூடுய்யா" என்று பல்லைக் கடித்தேன். "சொல்லுங்கண்ணே" என்றார். சொன்னேன்.

கபீல் அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு என்னிடம் மெல்ல ஏதோ சொன்னார். நான் இருமுறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன். "நீ இல்லைங்கிறாருய்யா. படத்துல இருந்தவன் பயந்து சாகுறவனாம். உனக்கு எங்க பயம் இருக்குன்னு கேக்குறாரு. நீதான்னா, நடுங்கிக் காட்டுங்கிறாரு."

முதுகு திரும்பி நின்று நடுங்க முயற்சி செய்தார். தோளைக் குலுக்கினார். இடுப்பை ஆட்டினார். கரகாட்டம் வந்ததே தவிர நடுக்கம் வரவில்லை. வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். கபீலின் உதடும் ஒரு ஓரமாக வளைந்ததை நான் பார்த்தேன்.

அவர் மணியின் தோளிலிருந்து கையை எடுத்தார். இன்னும் ஆடிக்கொண்டிருந்த வரிசையை ஒருமுறை நீளப் பார்த்தார். "இத்தனை பேரையும் அனுப்பிட்டா என் டைல்ஸை யார் சுடுறது?" என்றார். இனி வெள்ளிக்கிழமை அந்த பிக்கப் வாசலில் நிற்கக்கூடாது, கலாஸ், அத்தோடு முடிந்தது என்றார். கார் கிளம்பிப் போய்விட்டது. மணி அப்படியே தரையில் உட்கார்ந்து முதுகின் காலைக் கட்டிக்கொண்டார்.

கரீம் பாய் மட்டும் விடவில்லை. அடுத்த படத்துக்கு அந்த முதுகுதான் வேண்டும் என்று துரை கேட்கிறாராம். ரூமுக்கே வந்து, ஒரு தடவை செய்து காட்டு என்று கெஞ்சினார். இவரும் கண்ணாடி முன் நின்று பார்த்தார். ஊஹூம். "மாஃபி பாய், நடுக்கம் இல்ல. உள்ளுக்குள்ள எல்லாம் அப்படியேதான் ஓடுது. வெளிய வரமாட்டேங்குது" என்றார். ஓர் ஆங்கில நடிகரின் மார்க்கெட் அத்தோடு போயிற்று.

ஆனால் கேம்ப்பில் வேறு மார்க்கெட் வந்தது. யாரையாவது ஆபீசுக்குக் கூப்பிட்டால், போகிறவர் முதலில் முதுகைத் தேடுவார். "ஒண்ணும் பேச வேண்டாம், சும்மா பின்னாடி வந்து நில்லுங்க." என் விசாவைப் புதுப்பிக்காமல் இழுத்தடித்து, ஒருநாள் கபீல் என்னை வரச் சொன்னபோது நானும் அவரை அழைத்துக்கொண்டுதான் போனேன். அவர் பேசவில்லை. எனக்குப் பின்னால் நின்றார், அவ்வளவுதான். என் கால் நிற்கும் என்று எனக்கே தெரிந்தது.

வளைகுடாவை விட்டு வந்து வருஷங்கள் ஆகிவிட்டன. இன்றும் ஆஸ்பத்திரியிலோ ஆபீசிலோ என் பெயரைக் கூப்பிட்டால், எழுந்திருக்கும் முன் ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்துக்கொள்கிறேன்.