ஐந்து குழாயில் ஒரே அக்கா

ஊரில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் அவருக்குப் பதிலாகத் தானே படுத்துக்கொள்ளத் தயாராக இருக்கும் ஒரே மனுஷி, கடப்பாக்கம் பிராக்ஸி அக்காதான். இது எனக்கு உறைத்தது ஒரு திங்கட்கிழமை காலை, பொத்தேரி ஆய்வகத்துத் திரையில் ஐந்து பேர் அச்சு அசலாக ஒரே ஆளாக வந்து நின்றபோது. அம்மா, மகள், மூன்று மகன்கள். அதிலும் மகன்கள் மூவரும் பெண்கள் என்றது கணினி.

“இது குடும்பமா, ஜெராக்ஸ் கடையா?” என்றார் பேராசிரியர்.

பெற்றோரிடமிருந்து வரும் நோய் எதிர்ப்பு மரபணுக்கள் ஆளுக்கு ஆள் மாறுகின்றன; அதற்கும் புற்றுநோய் வரும் வாய்ப்புக்கும் என்ன உறவு? இதுதான் என் முதுகலை ஆய்வு. அதற்காகக் கடப்பாக்கத்தில் வீடு வீடாகப் போய், யாருமே கேட்காத பொருளைக் கேட்டேன்: மரபணு பார்க்க எச்சில்.

அக்கா மீன் விற்பவர். வகுப்புக்கு வராதவனுக்காக ‘பிரசண்ட் சார்’ சொல்வதை நாங்கள் பிராக்ஸி என்போம். அக்கா அதிலேயே குடும்பம் நடத்தினார். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்காகப் பள்ளிக்கூட மீட்டிங் போய், அரைமணி நேரம் திட்டு வாங்கி, “இனிமே ஒயுங்கா படிக்கிறேன் சார்” என்று அழுதுவிட்டு வந்தவர். காய்ச்சலில் கிடந்த எதிர்வீட்டுக்காரிக்காக டாக்டரிடம் நடுங்கிக் காட்டியதில் ஊசியே போட்டுவிட்டார்கள். காய்ச்சல் விட்டதென்னவோ எதிர்வீட்டுக்காரிக்கு!

அப்படிப்பட்டவர் கையில், வீட்டில் ஆளுக்கொன்றாக எச்சில் துப்பித் தர வேண்டிய ஐந்து குழாயையும் கொடுத்துவிட்டு, மாலையில் வந்து வாங்கிக்கொண்டது என் தப்பு. வளர்ந்த பிள்ளைகள் நால்வரின் சம்மதக் கையெழுத்தும் யார் போட்டதோ!

அந்த வாரமே ஓடினேன்.

“அக்கா, அஞ்சுலயும் நீங்களேவா துப்பினீங்க?”

“ஆமா, அதுக்கின்னா? பசங்க கடலுக்குப் பூட்டானுங்க. பொண்ணு தூங்கிக்கினு இருந்திச்சு. எல்லாம் என் ரத்தம்தானே? தொண்டையே வறண்டு போச்சு!”

“பாதிதான்க்கா உங்களுது. மீதி அவங்க அப்பாவோடது. கூடப் பொறந்தவங்களுக்குள்ளயே மாறும்.”

அக்கா குரலைத் தாழ்த்தினார். “என் தங்கச்சி புத்துநோய்ல பூட்டா, கண்ணு. இதுங்க பேர்ல எதுனா தப்பா கீதுன்னு வந்துச்சுன்னா? எயுதறத என் பேர்லயே எயுதிக்கோ.”

கூடையிலிருந்து ஒரு சங்கரா மீனை எடுத்தேன்.

“இதை வாங்கறவங்க எதைப் பாப்பாங்க?”

“செவுள. உள்ள கெட்டுப்போச்சான்னு அதுதான் காட்டிக்குடுக்கும்.”

“நம்ம உடம்புல ஒவ்வொரு செல்லும் அப்படித்தான் உள்ள இருக்கறதைக் கொஞ்சம் வெளிய காட்டுது. காவல் செல்லுங்க பாத்து, கெட்டதைக் கொல்லுது. எதை நல்லாக் காட்டும், எதைச் சரியாக் காட்டாதுங்கறது ஆளுக்கு ஆள் வேற. அதனால ஆபத்து கொஞ்சம் கூடலாம், குறையலாம். வந்தே தீரும்னு கிடையாது. நாங்க எல்லாரையும் சேர்த்து வெச்சுத்தான் பாக்கறோம், ஒருத்தர் பேர்லயும் தீர்ப்பு எழுதறதில்ல.”

“அப்போ ஜாதகம் மாதிரி இல்ல?”

“இல்லவே இல்ல.”

“அத்த மொதல்ல சொல்றதுக்கின்னா? அஞ்சு குழா ரொப்பினேனே!”

வரும் ஞாயிறு நால்வரையும் கடலுக்கு விடாமல், எச்சில் எடுப்பதற்கு முன் அரைமணி நேரம் டீயும் தராமல் உட்கார்த்தி வைப்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறார். கிளம்பும்போது கேட்டார்: “உங்கம்மா எந்த ஊரு?”

“திருநெல்வேலி.”

“அம்மாந் தூரமா? உனக்கும் ஒரு குழா எத்துனு வா. உங்கம்மாக்குப் பதிலா நானே துப்பிடறேன்.”

ஞாயிற்றுக்கிழமைக்கு நாலு குழாய் போதும். பையில் ஐந்து வைத்திருக்கிறேன்.