வளைவில் நட்ட தடுப்பு குறித்து என் மைத்துனருக்கு

மரியாதைக்குரிய மைத்துனர் அவர்களுக்கு, தங்கள் அக்காளைக் கட்டிக்கொண்ட மெத்தைக்கடைக்காரன் எழுதுவது. நாங்கள் நலம் என்று தொடங்கித் தங்கள் நலத்தை விசாரிப்பதுதான் முறை. நாங்கள் மூவரும் இந்த நிமிடம் வரை நலம். நாளைக் காலை என் மகள், அதாவது தங்கள் மருமகள், வண்டியை எடுத்துக்கொண்டு வாசல் வளைவைத் தாண்டிய பிறகுதான் மேற்கொண்டு எதுவும் சொல்ல முடியும். தாங்கள் சாலைத்துறையில் பொறியாளர், இதுவும் சாலை சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் 'தாங்கள்' போட்டு எழுதுகிறேன். எத்தனை வரி வரைக்கும் அது நிற்கும் என்று எனக்கே தெரியவில்லை.

போன மழைக்கு முன்பு தாங்கள் ஆட்களையும் ஒரு லாரி நிறையத் தகடுகளையும் அனுப்பி எங்கள் வளைவில் தடுப்புப் போட்டீர்கள். தங்கள் அக்காளுக்குப் பெருமை பிடிபடவில்லை. "என் தம்பி போட்டது" என்று தெருவில் இருக்கிற பெண்களையெல்லாம் கூட்டி வந்து காட்டினாள். ஒரு வாரம் ஈரத்துணியால் துடைக்கவும் செய்தாள். மெத்தை வாங்க வருகிறவர்கள் அதைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு தகட்டைத் தாண்ட வேண்டியிருந்தது. அதைக்கூட நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை, மைத்துனர் போட்டதாயிற்றே என்று வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அதற்கு முன்பும் இந்த வளைவில் இருசக்கர வண்டிக்காரர்கள் விழாமல் இல்லை. விழுவார்கள், சறுக்கிக்கொண்டே வந்து எங்கள் வாசல் புல்லில் நிற்பார்கள், எழுந்து யாரும் பார்த்தார்களா என்று முதலில் பார்ப்பார்கள், பிறகுதான் முட்டியைப் பார்ப்பார்கள். உன் அக்காள் தண்ணீர் கொடுப்பாள். ஒருவர் விழுந்த கையோடு கடைக்குள் வந்து இரண்டு தலையணை வாங்கிக்கொண்டு போனார். பார்த்தாயா, 'உன்' வந்துவிட்டது. போகட்டும் தம்பி, கோபமாக இருக்கும்போது மரியாதை எழுதினால் கை வலிக்கிறது.

உன் தகடு இடுப்பு உயரத்தில் போகிறது. அதற்கும் தரைக்கும் நடுவில் வெறும் சந்து, அந்தச் சந்தில் வரிசையாக இரும்புத் தூண்கள். கார் வந்தால் தகடு பிடித்துக்கொள்ளும், ஒத்துக்கொள்கிறேன். வண்டியிலிருந்து விழுந்தவன் தரையோடு தரையாகத்தானே வருவான்? அவனுக்குத் தகடு என்று ஒன்று இருப்பதே தெரியாது. அதன் அடியில் புகுந்து நேரே தூணுக்குப் போய்விடுகிறான். எங்கள் தெருக்கோடிக் கணக்கு வாத்தியார் அப்படித்தான் போனார். மழை பெய்து எண்ணெய் மிதந்த காலை. பள்ளிக்கூடத்துக்கு மெதுவாகத்தான் வந்துகொண்டிருந்தார், வண்டி சறுக்கியது, விழுந்தார், வழக்கமாக எல்லாரும் சறுக்குகிற மாதிரியே சறுக்கினார். நான் தண்ணீர்ச் செம்பை எடுக்கத் திரும்பினேன். திரும்பிப் பார்த்தால் அவர் எழுந்திருக்கவில்லை. அவருடைய கால் தூணைச் சுற்றி இருந்த விதத்தை உனக்கு எழுத மாட்டேன். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "வேகமா வந்தேன்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க. ரோடு என்னை விட்டுருச்சுங்க, தூண்தான் விடல" என்றார். ஆரஞ்சுப் பழங்களை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அன்றைக்கே உனக்கு ஃபோன் போட்டேன். "அத்தான், அது அளவுப்படி போட்டது" என்றாய். யார் அளவுப்படி என்று கேட்டேன், "மேல பேசிட்டு சொல்றேன்" என்று வைத்துவிட்டாய். மேலே யார் இருக்கிறார்களோ, இன்று வரை நீ பேசி முடித்தபாடில்லை. இங்கே உன் மருமகள் விடிவதற்கு முன்பே கிளம்புகிறவள். வீடு வீடாகப் போய் ரத்தம் எடுக்கிற வேலைக்கு வண்டி இல்லாமல் ஆகாது. வேண்டாம் என்று நான் தலைப்பாடாக அடித்துக்கொண்டபோது அவளுக்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்தவன் யார்? நீ. பின்னால் உட்கார்ந்து, "பயப்படாம முறுக்கு, மாமா இருக்கேன்" என்று சொன்னவனும் நீ. அந்த மாமாவே வாசலில் இரும்பு நட்டுவிட்டுப் போனால் நான் யாரிடம் போய்ச் சொல்வது? அவளிடம் சொன்னால், "நான் விழ மாட்டேன்ப்பா" என்கிறாள். விழறவங்க என்ன, சொல்லிட்டா விழறாங்க?

ஆகவே எனக்குத் தெரிந்த தொழிலை நான் செய்தேன். கடையில் கிடந்த பழைய மெத்தைகளைப் பிரித்து, தூணுக்கும் சந்துக்கும் அளவெடுத்து, நீளமாகத் தைத்துக் கட்டினேன். ஏனோதானோ என்று தைக்க எனக்கு வராது, அதுதான் வினையாகப் போயிற்று. சிவப்பு ரெக்சின், ஓரத்தில் பட்டி, சாணுக்கு ஒரு பொத்தான் வைத்து அழுத்தித் தைத்திருந்தேன். மறுநாள் சாயங்காலம் நடைபயிற்சிக்கு வந்த பெரியவர்கள் அதைத் தங்களுக்காக அரசாங்கம் போட்ட இருக்கை என்று நினைத்து, காலை ரோட்டுப் பக்கம் நீட்டி, தகட்டில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்கள். "எழுந்திருங்க, இது விழறவங்களுக்கு" என்றால், "நாங்க விழுந்தா யார் தூக்குவாங்க, அதான் உக்காந்திருக்கோம்" என்கிறார்கள். ஒருவர் முதுகுக்கு இன்னும் கொஞ்சம் பஞ்சு வைக்கச் சொன்னார். அவர்களை விரட்டி முடிப்பதற்குள் மழை வந்தது. பஞ்சு தண்ணீரைக் குடித்துக் குடித்துக் கல்லாகிவிட்டது, நான் எட்டி உதைத்துப் பார்த்ததில் என் கட்டைவிரல் நகம் போனது. தூணே தேவலாம் என்று ஆகிவிட்டது. அதைக் கழற்றிவிட்டு ரப்பர் நுரை வாங்கிப் புதிதாகத் தைத்தேன், இந்தத் தடவை யாரும் உட்காராதபடி அழுக்குச் சாம்பல் நிறத்தில், பொத்தானே இல்லாமல். தைக்கும்போதே என் தொழிலுக்குத் துரோகம் செய்கிற மாதிரி இருந்தது. அதன் மேல் தெருநாய் ஒன்று குட்டி போட்டது. அது யாரையும் கிட்டே விடாததால் மெத்தை திருடு போகாமல் இருந்தது, அந்த மட்டுக்கும் நல்லது என்று விட்டுவிட்டேன்.

இன்று மதியம் உன் அலுவலக வண்டி வந்தது. குட்டிகளை ஓரமாக வைத்துவிட்டு மெத்தையை மொத்தமாகப் பிய்த்துப் போட்டுக்கொண்டு போனார்கள். என் கையில் ஒரு நோட்டீஸ் கொடுத்தார்கள். சாலையோரத்தில் படுக்கை விரித்து ஆக்கிரமித்தேனாம். நான் எங்கே படுத்தேன்? நாய்தான் படுத்தது. கீழே கையெழுத்து உன்னுடையது. உன் அக்காள் அதை வாங்கிப் பார்த்தாள், உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். எனக்கு அபராதம்கூடப் பெரிசில்லை தம்பி. ஒவ்வொரு நாளும் உன் மருமகள் வண்டி கிளம்புகிற சத்தத்தில் எழுந்து, அது வளைவைத் தாண்டி மெல்லத் தேய்கிற வரைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருக்கிறேன். மெத்தை விற்கிறவன் தூங்கி எத்தனை நாளாயிற்று என்று உனக்குத் தெரியாது. பயமாக இருக்கிறது. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, பயமாக இருக்கிறது.

ஆகவே இதுதான் என் முடிவு. ஆட்களை அனுப்பி அந்தத் தடுப்பை வேரோடு பிடுங்கிக்கொண்டு போ. முன்பு இருந்த மாதிரி வெறும் புல்லாக இருக்கட்டும். அது போகிற வரைக்கும் இந்த வீட்டு வாசலில் நீ கால் வைக்காதே, உன் அக்காளையும் ஃபோனில் கூப்பிடாதே. உன் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் எங்கள் ஆசியும் அன்பும் எப்போதும் உண்டு, அவர்கள் ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருக்கட்டும். உனக்கும் ஆசி உண்டு, தடுப்பு போன பிறகு.

இப்படிக்கு,
உன் அக்காள் கணவன்

பின்குறிப்பு: மேலே உள்ளதை மடித்து வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்தேன். வாசலில் இடி விழுந்த மாதிரி ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் சிமெண்ட் லாரி ஒன்று வளைவில் திரும்பாமல் நேரே வந்து உன் தகட்டில் மோதி நிற்கிறது. தகடு எங்கள் பக்கமாக வயிறு தள்ளி வளைந்திருக்கிறது. அதற்கு ஒரு கை தூரத்தில், வேலை முடிந்து வந்து வண்டியை நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் உன் மருமகள் நின்றுகொண்டிருந்தாள். ஒரு கீறல் இல்லை. லாரிக்காரரும் பிழைத்தார், கடையில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்திருக்கிறோம், அழுதுகொண்டிருக்கிறார். வெறும் புல்லாக இருந்திருந்தால் நான் உனக்கு என்ன கடிதம் எழுதியிருப்பேன் என்று நினைக்கவே முடியவில்லை.

எழுதியதையெல்லாம் அடித்துவிடப் பேனாவை எடுத்தேன். வாத்தியார் ஞாபகம் வந்தது, அடிக்கவில்லை. தடுப்பை எடுக்காதே. யார் எடுக்கச் சொன்னாலும் எடுக்காதே, நான் சொன்னாலும்கூட. ஆனால் வளைந்த தகட்டை மாற்ற ஆள் அனுப்பும்போது, கீழே தரையை ஒட்டி இன்னொரு தகடு போட்டு அந்தச் சந்தை அடைத்துவிடு. மேலே பேச வேண்டாம், நேரே இங்கே வா. உன் அக்காள் உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறாள்.

நாளைக்கு ஒரு நாளாவது லீவு போடு என்று உன் மருமகளிடம் கெஞ்சிப் பார்த்தேன். "ரத்தம் குடுக்க வெறும் வயித்தோட காத்திருப்பாங்கப்பா" என்கிறாள். விடிவதற்கு முன்பு அவள் இந்த வளைவில்தான் போவாள், தம்பி.