புளியறை குடித்த டீசல்

முதன்முதலாக மைக்கைப் பிடிக்கிறவனை அவனுடைய சொந்தக்காரர்கள் முன்னால் பேச விடக் கூடாது. இது யாரையோ பார்த்து நான் சொல்லும் புத்திமதி அல்ல. அப்படி ஒரு நாள் பேசி, என் அக்காவின் மாமியார் வீட்டாரை அவர்கள் ஊரோடு சேர்த்து அவமானப்படுத்தியவன் நான்.

எட்டொன்பது வருஷங்களுக்கு முன், பொருளாதாரம் படித்து முடித்த கையோடு திருநெல்வேலியில் ஓர் ஆய்வுத் திட்டத்தில் உதவியாளனாகச் சேர்ந்திருந்தேன். சொந்த ஊர் தென்காசி. ஆய்வின் பொருள் 'கார்பன் உற்பத்தித்திறன்'. (அப்பா ரொம்ப நாள் வரைக்கும் நான் விறகுக் கரி மூட்டம் போடும் தொழிலில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தார்.) பெயர்தான் பயமுறுத்தும், விஷயம் சுலபம். ஒரு பகுதி காற்றில் எவ்வளவு புகை விடுகிறது, அந்தப் புகைக்கு ஈடாக எவ்வளவு வருமானம் பார்க்கிறது? குறைவாகப் புகை விட்டு நிறைய சம்பாதித்தால் கெட்டிக்காரப் பகுதி. நிறையப் புகைத்து, கொஞ்சமாகச் சம்பாதித்தால் மக்குப் பகுதி. ஒரே நாட்டுக்குள் இடத்துக்கு இடம் இது ஏன் மாறுகிறது, செய்கிற தொழிலாலா, எரிக்கிற எரிபொருளாலா, ஓட்டுகிற இயந்திரத்தாலா என்று கண்டுபிடிக்க வேண்டும். எங்கள் பங்குக்கு வந்தது தென்காசிப் பக்கம்.

எங்களுக்குத் தலைவி ஒரு பேராசிரியை. மேடம் அதிகம் பேச மாட்டார். முதலில் ஒவ்வொரு ஊருக்கும் நேரில் போய்ச் சுற்றிப் பார், அப்புறம் கம்ப்யூட்டரைத் திற என்று மட்டும் சொல்லியிருந்தார். நான் கம்ப்யூட்டரை முதலில் திறந்தேன். பெட்ரோல் பங்குகளுக்குப் போன் போட்டு, எந்த ஊரில் எவ்வளவு டீசல் விற்கிறது என்று வாங்கிக்கொண்டேன். நெல்லும் தேங்காயும் கடை வியாபாரமும் எவ்வளவு என்று அலுவலகக் காகிதங்களில் இருந்து எடுத்தேன். ஒன்றை ஒன்றால் வகுத்தேன். தென்காசி முதலிடத்தில் வந்தது. அதில் எனக்கு ஆச்சரியமே இல்லை, நான் பிறந்த ஊர் அல்லவா? வடகரையும் ஆய்க்குடியும் நடுவில் கௌரவமாக நின்றன. பட்டியலின் கடைசியைப் பார்த்தபோதுதான் தூக்கிவாரிப் போட்டது.

கடைசி இடம் புளியறை. கேரள எல்லையில் ஒரு செக்போஸ்ட், சில சாப்பாட்டுக் கடைகள், கொஞ்சம் வயல், கொஞ்சம் தென்னை. அந்தச் சின்ன ஊர் சுற்றுவட்டாரத்து டீசலை எல்லாம் தனியாளாகக் குடித்துக்கொண்டிருந்தது. மூன்று தடவை கூட்டிப் பார்த்தேன். கூட்டல் சரி. கூட்டல் சரியாக இருந்தால் உலகமே சரியாக இருக்கும் என்று நம்புகிற வயது எனக்கு.

அக்காவைப் புளியறையில்தான் கட்டிக்கொடுத்திருந்தோம். கல்யாணமாகி நான்கு மாதம்கூட ஆகவில்லை. அத்தானும் அவருடைய அம்மாவும் செக்போஸ்ட்டுக்குச் சற்று முன்னால், பெட்ரோல் பங்குக்கு எதிரில் சாப்பாட்டுக் கடை நடத்துகிறார்கள். அந்த அம்மாவை நான் அத்தை என்று கூப்பிடுவேன். ஆய்வு முடிவைச் சொல்லக் குற்றாலத்தில் ஒரு லாட்ஜின் கூட்ட அறையில் ஏற்பாடு ஆனதும், நான் செய்த முதல் காரியம் அவர்களை அழைத்ததுதான். புளியறையைப் பற்றி என்ன பேசப் போகிறேன் என்பது தெரிந்தே அழைத்தேன். ஆராய்ச்சி வேறு, சொந்தபந்தம் வேறு என்று அவர்கள் புரிந்துகொள்வார்களாம். (அந்த வயதில் எனக்கு மூளை இருந்த இடத்தில் பட்டம் இருந்தது.)

நல்ல சாரல் காலம். ஒருநாளும் மூடாத கடையை எனக்காக மூடிவிட்டு, வேன் பிடித்து வந்து, அருவியில் குளித்து, தலை ஈரம் காயாமல் முதல் வரிசையில் வந்து உட்கார்ந்தார்கள். பின் வரிசைகளில் அதிகாரிகள், ஊராட்சி உறுப்பினர்கள், அரிசி ஆலைக்காரர்கள். அத்தை பக்கத்து நாற்காலிக்காரரிடம் என்னைக் காட்டி, நம்ம மருமவ தம்பிதான் என்று சொன்னது மேடை வரைக்கும் கேட்டது.

நான் திரையில் வரைபடத்தைப் போட்டேன். தென்காசி பச்சை, புளியறை ரத்தச் சிவப்பு. அதிர்ச்சியூட்டும் முடிவு என்று ஆரம்பித்தேன். அதிர்ச்சி என்ற சொல்லை அன்றைக்குப் பதினோரு தடவை சொன்னேனாம், அக்கா எண்ணியிருக்கிறாள். ஒரு லிட்டர் டீசலை வைத்து உருப்படியாக எதையும் செய்யத் தெரியாத ஊர் என்றேன். அங்குள்ள மக்களுக்கு உடனடியாக விழிப்புணர்வு முகாம் நடத்த வேண்டும் என்றேன். முதல் வரிசையில் அக்கா கையை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டிருந்தாள். சத்தம் போதவில்லை போலிருக்கிறது என்று மைக்கை இன்னும் பக்கத்தில் இழுத்துக்கொண்டேன்.

கேள்வி நேரம் வந்தது. அத்தை எழுந்தார். கோபமாகத் தெரியவில்லை. நிஜமாகவே திகைத்துப்போன முகம்.

"தம்பி, எங்க ஊர்ல டிராக்டரே விரல் விட்டு எண்ணிரலாம். நீங்க சொல்லுத டீசலை எல்லாம் யாரு எரிச்சா?"

விற்பனைப் பதிவு அப்படித்தான் சொல்கிறது என்று விளக்கினேன்.

"வித்தது இங்கன. எரிஞ்சது எங்கன?"

நான் காகிதங்களைப் புரட்டினேன். அவரே சொன்னார். எல்லை தாண்டினால் டீசல் விலை கூடுதல். அதனால் கேரளாவுக்குப் போகிற லாரி எல்லாம் புளியறையில் டேங்க்கை நிரப்பிக்கொண்டு, சாப்பிட்டுவிட்டு மலை ஏறுகிறது. திரும்பி வருகிற லாரி காலி டேங்க்கோடு இங்கே வந்துதான் மறுபடி நிரப்புகிறது. புகை போவது கொல்லத்துக்கும் கோட்டயத்துக்கும். புளியறைக்கு மிஞ்சுவது எச்சில் இலை.

பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். மேடம் மட்டும் சிரிக்காமல் எழுந்தார். காப்பாற்றத்தான் எழுந்தார் என்று நினைத்தேன். தென்காசி முதலிடம் என்றாயே, அங்கே வீட்டுக்கு வீடு ஓடுகிற கரண்ட் எங்கே தயாராகிறது, அந்த அனல்மின் நிலையத்துப் புகையில் தென்காசியின் பங்கைச் சேர்த்தாயா என்று கேட்டார். சேர்க்கவில்லை. தென்காசியில்தான் புகைபோக்கியே இல்லையே என்று விட்டுவிட்டேன். ஐந்து நிமிஷத்தில் என் பட்டியலின் தலையும் போயிற்று, காலும் போயிற்று. மைக்கைக் கீழே வைக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. லாட்ஜ்காரர் வந்து வாங்கிக்கொண்டு போனார்.

புளியறை வேன் மதியச் சாப்பாட்டுக்கு நிற்கவில்லை. அத்தான் என் பக்கம் திரும்பாமலே ஏறிக்கொண்டார். அன்று சாயங்காலம் அக்கா போன் செய்தாள். திட்டவில்லை, மெல்லிய குரலில் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"ஏலே, நான் இந்த ஊர்ல வாழணுமா, வேண்டாமா?"

அதற்கு முன்னால் என்னை அப்படி உலுக்கியது எதுவும் இல்லை. புதிதாகப் போன வீட்டில் அவள் தலை நிமிர்ந்து ஒரு டம்ளர் தண்ணீர் கேட்க முடியாதபடி நான் செய்துவிட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் மேடம் இரண்டு வழி சொன்னார். வேலையை விட்டுப் போகலாம். அல்லது பத்து நாள் புளியறை பங்கில் நின்று, ஒவ்வொரு லாரியும் எங்கே போகிறது என்று கேட்டு எழுதலாம். நான் புளியறைக்குப் போனேன். மன்னிப்புக் கேட்க ஒரு பக்கத்துக்கு எழுதி மனப்பாடம் செய்திருந்தேன். கடை வாசலில் முதல் வரி சொல்லும்போதே அத்தை இலையைப் போட்டுவிட்டார். சாப்பிட்டுவிட்டு வேலையைப் பாருங்கள், மழை வரும்போல இருக்கு என்றார். அத்தான் சாம்பார் ஊற்றினார். பேசவில்லை.

லாரி டிரைவர்கள் என்னை வரி அதிகாரி என்று நினைத்து ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். இரண்டாம் நாள் அதைப் பார்த்துக்கொண்டிருந்த அத்தை, சாப்பிட உட்காருகிறவர்களிடம் தானே விசாரிக்கத் தொடங்கினார். எங்கே லோடு, எங்கே இறக்குகிறீர், எத்தனை நாளில் திரும்புவீர். சோற்றுக்கு முன்னால் எவரும் பொய் சொல்லவில்லை. அக்கா கல்லாவில் இருந்தபடி எழுதிக்கொடுத்தாள். ஆறாம் நாள் அத்தான் என்னிடம் பேசினார். பேனா மை தீர்ந்துவிட்டதா என்று கேட்டார்.

எரித்த இடத்தின் பெயரில் புகையை எழுதியதும் எல்லாம் தலைகீழாயிற்று. புளியறை மளமளவென்று மேலே ஏறியது. கரண்ட்டின் புகையைச் சேர்த்ததும் என் தென்காசி நடுவில் எங்கேயோ இறங்கி நின்றது. தொழிலும் எரிபொருளும் இயந்திரமும் முக்கியம்தான். ஆனால் யாருடைய புகையை யார் தலையில் எழுதுகிறோம் என்பதைச் சரியாக்காமல் எந்தக் காரணத்தையும் தேட முடியாது என்று மேடம் ஆய்வறிக்கையின் முன்னுரையில் எழுதினார். தகவல் திரட்டியவர்கள் பட்டியலில் அத்தையின் பெயரும் அக்காவின் பெயரும் எனக்கு மேலே இருந்தன. அகரவரிசை அல்ல, நான் சரிபார்த்தேன்.

வீட்டில் எனக்கு அன்று விழுந்த பெயர் 'டீசல்'. அக்கா மகள் பிறந்ததும் அது 'டீசல் மாமா' ஆயிற்று. அவளுக்கு இப்போது ஏழு வயது. அதுதான் என் நிஜப் பெயர் என்று நம்புகிறாள். போன மாதம் அவள் பள்ளிக்கூடத்தில் குடும்பப் படம் வரையச் சொன்னபோது என் படத்துக்குக் கீழே அதையே எழுதியிருக்கிறாள். ஆண்டு விழாவுக்குப் போயிருந்தேன். அவளுடைய டீச்சர் என்னைப் பார்த்து மரியாதையாக எழுந்து, "நீங்கதானே பெட்ரோல் பங்க் வச்சிருக்கீங்க?" என்று கேட்டார்.

ஆமாம் என்று சொல்லிவிட்டேன். ஆராய்ச்சியாளன் என்றால், எதை ஆராய்ந்தீர்கள் என்று கேட்பார்.