படகுக்கு ஏதுங்க ஆர்.சி. புக்?

பழைய சாமான் வாங்குவதில் என்னைவிடப் பெரிய சந்தேகக்காரன் சேர்வராயன் மலையிலேயே கிடையாது. ஒரு பழைய மொபெட் வாங்க ஐந்து தடவை சேலத்துக்கு இறங்கியவன் நான். ஆர்.சி. புக்கில் பெயர் இருந்தவரை வீடு தேடிப் போய், "வண்டி உங்களுதுதானுங்களே?" என்று கேட்டேன். அவர் சம்சாரத்திடமும் தனியாகக் கேட்டேன். (அந்த அம்மா என்னைப் போலீஸ் என்று நினைத்து அழுதுவிட்டார்.) அப்படிப்பட்ட நான், வாழ்க்கையில் வாங்கிய ஒரே படகை, அது யாருடையது என்று கேட்காமலே வாங்கினேன்.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. நாகலூர்ப் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் வேலை. எனக்கும் சரோஜாவுக்கும் கல்யாணமாகி இரண்டு வருஷம். அந்த வருஷம் காபி பூத்திருந்த சமயத்தில் எங்களுக்கு ஒரு பையன் பிறந்தான். ஒன்பது நாள் இருந்தான். அதற்குப் பிறகு சரோஜா பேசுவதை நிறுத்திவிட்டாள். 'சோறு ஆறுது', 'தண்ணி வருது', அவ்வளவுதான். அழவும் இல்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும், "சின்ன வயசுதானே, அடுத்தது பொறக்கும்" என்றார்கள். நானும் அதையேதான் சொன்னேன். (என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.)

கல்யாணமான புதிதில் ஏற்காடு ஏரியில் நான் துடுப்பைத் தலைகீழாகப் பிடித்ததைப் பார்த்து அவள் சிரித்த சிரிப்பு எனக்கு மறக்கவே இல்லை. மறுபடி அங்கே கூப்பிட்டேன், வரமாட்டேன் என்றாள். ஏரி முழுக்கக் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறவர்கள். எங்கள் எஸ்டேட்டிலேயே காபிப் பழம் கழுவுவதற்கு ஒரு பெரிய குட்டை இருந்தது. அதில் நமக்கென்று ஒரு படகு விட்டால் என்ன? துக்கத்துக்கு இப்படி ஒரு மருந்து கண்டுபிடித்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

லாரி டிரைவர் ஒருவர் சொன்னதை நம்பி, அவர் லாரியிலேயே மேட்டூர்ப் பக்கம் காவிரிக்கரை ஊர் ஒன்றுக்குப் போனேன். கரையில் ஒரு சின்ன மரப்படகு. அடித்திருந்த நீலப் பெயிண்ட் இன்னும் காயாமல் கையில் ஒட்டியது. விற்கிறவருக்கு முப்பது வயது இருக்கும். எனக்குப் படகைப் பற்றி என்ன தெரியும்? மாடு பார்க்கிற மாதிரிப் பார்த்தேன். சுற்றி வந்தேன், விலாவைத் தட்டினேன், குனிந்து அடியைப் பார்த்தேன். சுழி ஒன்றுதான் பார்க்கவில்லை.

"ஏனுங்க, ஒழுகுமுங்களா?"

"சொட்டு ஒழுகாதுங்க."

"ஆர்.சி. புக் மாதிரி ஏதாச்சும் இருக்குதுங்களா?"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "படகுக்கு ஏதுங்க ஆர்.சி. புக்? அதென்ன ரோட்லயா ஓடுது?"

டிரைவரும் சிரித்தார். கேட்டவன் நான்தான் என்பதையே மறந்து, நானும் சேர்ந்து சிரித்தேன். ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி ஒரு ரசீது நானே எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டேன்.

லாரியில் படகு இருபது கொண்டை ஊசி வளைவு ஏறியது. எதிரே வந்த பஸ்ஸிலிருந்து ஒருவர், "மலைக்கு வெள்ளம் வருதுங்களா?" என்று கத்தினார். சரோஜா படகைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "சோறு ஆறுது" என்றாள்.

அவள் ஏறவே இல்லை. தினமும் சாயங்காலம் நான் மட்டும் குட்டையைச் சுற்றிச் சுற்றி வந்தேன். வேலை முடிந்து போகிற ஜனம் நின்று வேடிக்கை பார்த்துவிட்டுப் போகும். ஆடி மழை பிடித்ததும் நீலப் பெயிண்ட் உரிய ஆரம்பித்தது. உள்ளே வெள்ளை எழுத்து. முதலில் 'ணி'. ஒரு வாரத்தில் 'மாணி'. அப்புறம் முழுசாக 'மாணிக்கம்'. துணி துவைக்க வந்த சரோஜா அதைப் பார்த்து நின்றாள்.

"மாணிக்கங்கறது யாருங்க?"

அவளாக ஒரு கேள்வி கேட்டு மாசக்கணக்காகியிருந்தது. அந்தச் சந்தோஷத்தில் எனக்கு மூளை ஓடவில்லை.

"கம்பெனி பேரா இருக்கும்" என்றேன்.

அதற்கு அடுத்த வாரம், காலை பஸ்ஸில் ஓர் அம்மா வந்து இறங்கினார். நாற்பது வயது இருக்கும். மலையேறிய படகு எங்கே என்று கேட்டால் ஏற்காட்டில் வழி சொல்லாத ஆள் கிடையாது. குட்டைக்கு வந்தவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல், நேரே போய் அந்த எழுத்தின்மேல் உள்ளங்கையை வைத்தார்.

"எம்பட ஊட்டுக்காரரு பேருங்க. வாயால சொல்லக் கூடாது. இதானுங்க."

அவர் பெயர் பாவாயி. புருஷன் சித்திரையில் காய்ச்சலில் போய்விட்டார். இவர் அம்மா வீட்டுக்குப் போயிருந்த நேரத்தில் கொழுந்தன் படகுக்குப் பெயிண்ட் அடித்து விற்றுவிட்டான். மீன் பிடிக்க இவரிடம் இருந்தது அந்தப் படகு ஒன்றுதான். லாரி ஏற்காட்டுக்குப் போனதாக ஊரில் விசாரித்துக்கொண்டு வந்திருந்தார். கையில் ஓர் அட்டை வைத்திருந்தார். மீன்பிடி லைசென்ஸ். அதில் படகின் நம்பர், மாணிக்கத்தின் பெயர், போட்டோ. (ஆக, படகுக்கும் ஆர்.சி. புக் இருந்தது.)

நான் என் ரசீதை நீட்டினேன். "ஸ்டாம்ப் ஒட்டியிருக்குதுங்க" என்றேன். இப்போது எழுதும்போதும் கூசுகிறது.

அவர் அதை வாங்கிப் பார்த்தார். "எழுத்து நொம்ப அழகா இருக்குதுங்க. எனக்குப் படிக்கத் தெரியாது. அந்த ஒரு பேரு மட்டுந்தான் தெரியும்."

சரோஜா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். பாவாயி குடித்துவிட்டு, எல்லாரும் கேட்பதுபோல, "எத்தன கொழந்தைங்க கண்ணு?" என்று கேட்டார். 'இன்னும் இல்லீங்க' என்று சொல்ல நான் வாயெடுத்தேன்.

"ஒண்ணுங்க" என்றாள் சரோஜா. "பையன். ஒம்பது நாள் இருந்தான்."

"பேரு வெச்சியா சாமி?"

"வெக்கலீங்க. மனசுக்குள்ள வெச்சிருந்தேன். கதிர்வேலு."

எனக்கே அது அன்றைக்குத்தான் தெரியும்.

உள்ளே போகும்போது சரோஜா என் பக்கம் திரும்பி, "கம்பெனிக்காரரு ஊட்டம்மா வந்திருக்காங்க. காபி வெக்கறேன்" என்றாள். சொல்லிவிட்டு, சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

மறுநாள் அதே லாரியில் படகு இறங்கியது. எனக்கு டிரைவர் பக்கத்தில் இடம். பின்னால் படகுக்குள் பாவாயியும் சரோஜாவும். அவள் அந்தப் படகில் ஏறியது அந்த ஒரே தடவைதான். இருபது வளைவும் இரண்டு பேரும் பேசினார்கள், அழுதார்கள், மறுபடி பேசினார்கள். நான் ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது தெரியாததைத் தெரிந்த மாதிரி அடித்துவிட்டால், "கம்பெனி பேரா இருக்கும்" என்பார்கள். பிற்பாடு பிறந்த எங்கள் மகள் மேகலா அதை நடித்தே காட்டுவாள்.

அவள் கல்யாணப் பத்திரிகையை நான்தான் எழுதினேன். 'எங்கள் ஒரே குழந்தை' என்று நான் எழுதியிருந்ததை அச்சகத்தில் வைத்து சரோஜா அடித்து, 'இளைய குழந்தை' என்று திருத்தினாள்.

"அப்ப மூத்தது யாருங்க?" என்றார் அச்சகக்காரர்.

"பையனுங்க. கதிர்வேலு" என்றேன். அந்தப் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"என்ன பண்றாருங்க?"

அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்து, கல்யாணம் வைத்திருக்கிற மனுஷன் என்கிற நினைப்பே இல்லாமல் அழுதேன். அவர் பயந்துபோய்ச் சோடா வாங்கிவர எழுந்தார்.

"உடுங்க" என்றாள் சரோஜா. "இப்பவாவது அழுவட்டும்."