வக்தி வீட்டுப் பெரிய பெட்டியும் சின்னப் பெட்டியும்

“என் வீட்டு ரெண்டு சப்வூஃபர் பெட்டியும் சேர்ந்து உறுமினா, கீழ்வீட்டுக்காரன் வயித்துல இருக்கிறதெல்லாம் தானா வெளிய வந்துடும்!”

வக்தி இப்படி முழங்கியதும் அலெக்ஸாந்திரியாவின் அந்தக் காபிக்கடையில் பதினோரு பேர் சிரித்தார்கள். பன்னிரண்டாமவர் சிரிக்கவில்லை. அவர்தான் அந்தக் கீழ்வீட்டுக்காரர். டாக்டர் ஃபிக்ரி, ஓய்வுபெற்ற சிறுநீரக நிபுணர்.

“நாப்பது வருஷம் மனுஷன் வயித்துக்குள்ள கை விட்டவன் நான். சத்தத்துக்குப் பயந்து எதுவும் வெளிய ஓடி வந்து பார்த்ததில்லை. அதுவும் உன் பெட்டி ஒண்ணு பெருசு, ஒண்ணு சின்னது. ஒட்டகத்தையும் ஆட்டையும் ஒரே வண்டியில பூட்டியிருக்கே.”

“வெள்ளிக்கிழமை மேட்ச் பார்க்க வாங்க, டாக்டர். அப்புறம் பேசுங்க!”

வக்தி முப்பது வருடம் துறைமுகத்தில் கப்பல் சங்குகளுக்கு நடுவே வேலை பார்த்தவர். ஓய்வு பெற்றபின் வீட்டின் அமைதி அவரைத் தூங்கவிடவில்லை. அதனால் ஹோம் தியேட்டருக்கு அடிக்குரலில் உறுமும் ஒலிபெருக்கிப் பெட்டி, ஒரு சப்வூஃபர், வாங்கினார். அந்தப் பெட்டிக்குள் ஒரு சிறு குடும்பம் குடியிருக்கலாம். மச்சான் குவைத்திலிருந்து இன்னொன்று கொண்டுவந்தான். அது ரொட்டிக்கூடை அளவு.

இரண்டையும் கூடத்தில் வைத்து முடுக்கியதும் முதலில் பேசியது ‘நிஷ்’.

அவர் மனைவி சௌசன் கல்யாணத்துக்குச் சீதனமாகக் கொண்டுவந்த கண்ணாடி அலமாரி அது. உள்ளே எழுபத்திரண்டு கிண்ணங்கள். முப்பத்தோரு வருடமாக ஒன்றில்கூட ஒரு சொட்டுத் தேநீர் விழுந்ததில்லை. இப்போது எழுபத்திரண்டும் கல்யாண மேளம் போல் குலுங்கின.

“அபூ கரீம்!” மகன் கரீமின் பேரைச் சொல்லிக் கணவரைக் கூப்பிட்டபடி சௌசன் சமையலறையிலிருந்து வந்தாள். “ஒரு கிண்ணத்துல கீறல் விழட்டும். ரெண்டு பெட்டியும் பழைய சாமான் வண்டியில ஏறும். இஷ்டமிருந்தா நீங்களும் கூடவே ஏறிக்கலாம்.”

வக்தி பெரிய பெட்டியை எதிர்ச் சுவருக்கு நகர்த்தினார். நிஷ் அடங்கியது. ஆனால் சோபாவில் உட்கார்ந்தால் உறுமலே இல்லை! பெரியது காற்றை முன்னே தள்ளும்போது சின்னது பின்னே இழுத்தது. நடுவில் வக்திக்கு மிஞ்சியது பூஜ்யம்.

சத்தத்தைக் கூட்டினார். சோபாவில் கொசு கொட்டாவி விட்ட மாதிரிதான் கேட்டது. குளியலறையிலோ ஷாம்பு புட்டிகள் வரிசையாக நடந்துபோய்த் தொட்டியில் குதித்தன.

கதவு தட்டப்பட்டது. டாக்டர் ஃபிக்ரி, இடுப்பில் வலது கையை ஊன்றிச் சண்டைக்கு நிற்பவர் போல் நின்றார். முகம் சுண்டியிருந்தது.

“என்ன டாக்டர், வயித்துல இருக்கிறது வெளிய வந்துடுச்சா?”

“வாயை மூடு, வக்தி!” பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு படிக்கு ஒரு நிமிடம் வீதம் இறங்கிப் போனார்.

“கோபத்தைப் பாரு,” என்றார் வக்தி. “கையை இடுப்பிலிருந்து எடுக்கவே மாட்டேங்கிறார்.”

அடுத்த யோசனை இன்னும் பிரமாதம். பெரிய பெட்டியைப் படுக்கையறை மூலைக்குத் தள்ளினார். அதற்கு நேர் கீழேதான் டாக்டரின் கட்டில். சின்னதைக் கம்பளியில் சுற்றி நிஷ் அடியிலேயே செருகினார். சௌசன் அலமாரிக்கு அடியில் மட்டும் தேடமாட்டாள் என்பது அவர் கணக்கு.

வெள்ளிக்கிழமை கூடம் நிறைந்தது. மச்சான் சோபா நடுவில் உட்கார்ந்து, “எங்கே உங்க உறுமல்? என் கைப்பேசி இதைவிட நல்லாக் கத்தும்!” என்றான்.

வக்தி குமிழைக் கடைசிவரை திருகினார்.

சோபாவில் சத்தம் இல்லை. ஆனால் காவல்காரர் அவாத் மூச்சிரைக்க ஓடிவந்தார். “பாஷா! என் தேநீர்க் கெண்டி தானா படியிறங்கித் தெருவுக்குப் போயிடுச்சு!”

அந்த நேரம் பார்த்து நிஷ்ஷுக்குள் ‘டிங்’ என்றது. ஒரு கிண்ணத்தின் காது கழன்று விழுந்தது.

சௌசன் நேராகப் போய்ப் பழைய சாமான் வண்டிக்காரருக்குப் போன் போட்டாள்.

மறுநாள் காலை கழுதை வண்டி வாசலில் நின்றது. அவாத்தும் வண்டிக்காரரும் பெட்டிகளை ஏற்றினார்கள். பிரேத ஊர்வலத்துக்கு வந்தவர் போல் வக்தி தலைகுனிந்து நின்றார்.

“நிறுத்து! வண்டியை நிறுத்து!”

டாக்டர் ஃபிக்ரி! பைஜாமாவோடு மூன்று மூன்று படியாகத் தாவி வந்தார். இடுப்பில் கை இல்லை. கையில் ஒரு சின்ன மருந்துப் புட்டி.

“திட்டாதீங்க, டாக்டர்,” என்றார் வக்தி. “அனுப்பிட்டேன். இனி நிம்மதியாத் தூங்குங்க.”

டாக்டர் அவரைக் கண்டுகொள்ளாமல் சௌசனிடம் திரும்பினார். “உம்மு கரீம், அந்த ஒரு கிண்ணத்துக்கு எங்க வீட்டு நிஷ்ஷையே எடுத்துக்குங்க. என் பொண்டாட்டியை நான் சமாளிச்சுக்கறேன். பெட்டிங்களை மட்டும் அனுப்பாதீங்க.”

“ஏன்? உங்களுக்குத்தான் இதைக் கண்டாலே ஆகாதே?”

டாக்டர் புட்டியைக் குலுக்கினார். உள்ளே பருப்பளவு ஏதோ ‘கிணிங்’ என்றது. குரலைத் தாழ்த்தினார்; ஆனாலும் கழுதைவரை எல்லோருக்கும் கேட்டது.

“ஊரார் கல்லையெல்லாம் எடுத்தவனுக்கே கல்லுன்னு வெளிய சொல்ல வெட்கமா இருந்துச்சு. வக்தி சொன்னது நடந்துடுச்சு, உம்மு கரீம். இது வலப்பக்கத்தோடது. இடப்பக்கம் இன்னொண்ணு இருக்கு.”