இருபத்தேழு மணி நேர அட்டவணை

சுவரில் ஒட்டியிருந்த அட்டவணையைக் கூட்டிப் பார்த்தாள் மகள். கல்லூரிப் பாடத்துக்குப் பத்து மணி நேரம், நேர்காணல் பயிற்சிக்கு எட்டு, தூக்கத்துக்கு ஆறு, சாப்பாடு குளியலுக்கு மூன்று. ஒரு நாளைக்கு மொத்தம் இருபத்தேழு.

"மூணு மணி நேரம் உதைக்குதேப்பா."

"தூக்கத்துல கை வை," என்றார் அப்பா.

"வச்சா மூளை ஓடாதே. சார்ஜ் இல்லாத ஃபோன் கணக்கா ஆயிடும்."

அவள் குறிவைத்தது பார்சல் கம்பெனியில் வண்டிகளுக்கு நேரம் வகுக்கும் வேலை. தன் நேரத்தையே வகுக்க முடியாவிட்டால் எப்படி?

சட்டென்று பொறி தட்டியது. கைக்குத்தான் வேலை, காது சும்மாதானே இருக்கிறது? நேர்காணல் கேள்வி பதில்களைத் தன் குரலில் பதிவுசெய்து, குளிக்கும்போதும் சாப்பிடும்போதும் ஸ்பீக்கரில் ஓடவிட்டாள். மூன்று மணி நேரம் மிச்சம்!

"ஒரே நேரத்தில் மூன்று வேலை வந்தால் எதை முதலில் செய்வீர்கள்?" என்றது ஸ்பீக்கர்.

"எது பொங்கி வழியுதோ அதை," என்றாள் அம்மா, அடுப்பைத் தணித்தபடி. மகள் படிக்கும் அதே பட்டம் அவளிடமும் இருந்தது, பீரோவின் அடித்தட்டில்.

"தப்பும்மா. என் பதிலைக் கேளு."

"கேட்டுக்கிட்டுதான் இருக்கேன். சத்தத்தைக் கூட்டு."

ஆசை விடவில்லை. தூங்கும்போதும் ஓடவிட்டாள். ஸ்பீக்கர் கேள்வி கேட்க, இவள் எழுந்து உட்கார்ந்து பதில் சொன்னாள். தூக்கம் போனது. அதை ஈடுகட்டக் காபி. காபியால் மிச்சத் தூக்கமும் போனது.

நேர்காணல் நாளும் வந்தது. காலையில் பரீட்சை எழுதி வந்தவளுக்குக் கண் சொருகியது. மூன்று மணிக்கு ஃபோன் வரும். அதற்குள் பத்து நிமிடம் தூங்கியாக வேண்டும்.

அதற்கும் ஒரு பொறியமைப்பு. நாற்காலியில் உட்கார்ந்து கையில் கரண்டியைப் பிடித்துக்கொண்டாள். கீழே எவர்சில்வர் தட்டு. அசந்தால் விரல் தளரும், கரண்டி விழும், தட்டு அலறும், விழித்துக்கொள்ளலாம்.

எல்லாம் கணக்குப்படி நடந்தது. ஆனால் கரண்டி விழுந்தது, பாவம் பார்த்து அம்மா தட்டின்மேல் விரித்த துண்டில்.

விழித்தபோது மணி ஆறு.

"ஐயோ, ஃபோன் வந்துச்சா?"

"வந்துச்சு," என்றாள் அம்மா, ஒரு பழைய கைப்பையைத் துடைத்தபடி. "புள்ள அசந்து தூங்குதுன்னேன். சும்மா என்னைப் பேச்சுக்கு இழுத்தாங்க. கேட்டதெல்லாம் நம்ம ஸ்பீக்கர் கேட்டதுதான். ஒண்ணு விடாம சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொல்லிட்டாங்க."

மகள் அம்மாவைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள். கைப்பையைத் தோளில் மாட்டிக் கண்ணாடி முன் நின்றாள். "எனக்கு எடுப்பா இருக்காப்பா?"

அப்பா தொண்டையைச் செருமினார். "அதைக் கழட்டி வைம்மா. வேலை கிடைச்சது உங்கம்மாவுக்கு."